வட்ட முகத்துக்கு வைத்தியம்

மகளுக்குச் சம்பந்தம் பேசிய நேரம் மாப்பிள்ளையின் தாய் எங்களிடம் கேட்டது ஒரு குடும்பப் படம் மட்டும்தான். கொட்டாஞ்சேனையிலிருந்து தொலைபேசி எடுத்து, மிகவும் மரியாதையாகக் கேட்டார். "சும்மா, எல்லாரும் நிக்கிற மாதிரி ஒண்டு அனுப்பிவிடுங்கோ." பெடியனும் என் மகளும் ஒரே அலுவலகத்தில் வேலை செய்து, தாங்களே ஒருவரையொருவர் கண்டுபிடித்து, எல்லாவற்றையும் தங்களுக்குள் முடித்துவிட்டுத்தான் எங்களிடம் வந்திருந்தார்கள். இருந்தாலும் குறிப்புப் பார்த்து, படம் மாற்றி, ஆள் விட்டு விசாரித்து, ஏதோ பெரியவர்கள் தேடிப் பிடித்த சம்பந்தம் போல அதை நடத்திவைக்கும் பொறுப்பு எங்கள் தலையில் இருந்தது. வெள்ளவத்தையில் காதல் கலியாணங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன.

படம் எடுத்தோம். மகள் அழகும் வடிவுமாக இருந்தாள். என் கணவர் வழக்கம்போல அடையாள அட்டைக்கு நிற்பவர் மாதிரி நின்றார். நடுவில் நான். கைபேசியில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அகலமான ஒரு முகம், அதற்கு மேலே எண்ணெய் வைத்து இழுத்த கொஞ்சத் தலைமயிர், பின்னால் தேசிக்காய் அளவில் ஒரு கொண்டை. ஒரு காலத்தில் என் பின்னல் இடுப்புக்குக் கீழே கிடந்தது. கொழும்புத் தண்ணீரும் வயதும் சேர்ந்து அதைத் தின்றுவிட்டன. நான் மட்டும் அது இன்னும் அங்கேயே கிடக்கிறது என்ற நினைப்பில் நடுவகிடு எடுத்து இழுத்துக் கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"அம்மா, கோவிக்காதேங்கோ," என்றாள் மகள். "உங்கட முகத்துக்கு இந்தக் கொண்டை சரிவராது. கட்டையா வெட்டினா நல்லா இருக்கும்."

எங்கள் குடும்பத்தில் தலைமயிரைக் கட்டையாக வெட்டிய பெண்கள் எல்லோரும் கனடாவிலும் லண்டனிலும் இருக்கிறார்கள். அங்கே குளிர், கழுவிக் காயவைக்க முடியாது, அதனால் பரவாயில்லை என்று இங்கே உள்ளவர்கள் பெருந்தன்மையாக மன்னித்துவிட்டோம். கொழும்பில் இருந்துகொண்டு, அதுவும் மகளுக்குச் சம்பந்தம் பேசும் நேரத்தில் ஒருத்தி வெட்டுவது வேறு கதை. இது எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் படத்தை நான் பார்த்துவிட்டேன்.

கட்டையாக வெட்டுவதற்கு முன்னால் முகம் என்ன வடிவம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். மகள் கைபேசியில் வாசிக்க, நான் தையல் டேப்பால் அளந்தேன். நெற்றியின் அகலம், கன்ன எலும்பின் அகலம், தாடையின் அகலம், மயிர் தொடங்கும் இடத்திலிருந்து நாடி வரை நீளம். அகலமும் நீளமும் கிட்டத்தட்டச் சமமாக வந்தன. நான் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு வீட்டில் கணிதம் டியூஷன் கொடுப்பவள். வட்டத்துக்கும் நீள்வட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கத் தேவையில்லை. இருந்தும் இரண்டாம் தரம் அளந்தேன். விடை பிடிக்காத பிள்ளைகள் செய்வது போல டேப்பைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தும் பார்த்தேன். நீள்வட்டம் வரவில்லை.

"இன்னொரு வழி இருக்கு," என்று மகள் என்னைக் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நிறுத்தினாள். தலைமயிரைப் பின்னால் பிடித்துக்கொண்டு, தன் லிப்ஸ்டிக்கால் கண்ணாடியில் தெரிந்த என் முகத்தைச் சுற்றிக் கோடு இழுத்தாள். பிறகு என்னை விலகச் சொன்னாள். கண்ணாடியில் சிவப்பு நிறத்தில் உருண்டையாக ஒரு முழு ஈரப்பலாக்காய் இருந்தது. அந்த லிப்ஸ்டிக், சாப்பிட்டாலும் குடித்தாலும் போகாது என்று விளம்பரம் செய்கிற வகை. தேய்த்துப் பார்த்தோம், போகவில்லை. அடுத்த நாள் காலையில் என் கணவர் என் முகத்துக்குள் தன் முகத்தை வைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தார். அவருடைய முகம் அதற்குள் தாராளமாக அடங்கியது. ஏன் அந்தக் கோடு என்று அவர் கேட்கவே இல்லை.

வட்ட முகத்துக்கு உச்சியில் உயரம் வேண்டும், காதுப்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும், வகிடு பக்கத்தில் போக வேண்டும், நெற்றியில் ஒரு கற்றை சரிவாக விழ வேண்டும். நாடி மட்டத்தில் நேராக வெட்டவே கூடாது, அது முகத்தை இன்னும் உருட்டிக் காட்டும். இவ்வளவையும் பரீட்சைக்குப் போவது போலப் பாடமாக்கிக்கொண்டு, காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் உள்ள சலூனுக்குத் தனியாகப் போனேன். மகளுக்கு அன்று வேலை.

வெட்டிய பெண் சிங்களப் பிள்ளை. என்னுடைய சிங்களம் மீன் சந்தையில் படித்தது. பாரையைத் துண்டு போடச் சொல்வேன், தலையை எறிய வேண்டாம் என்று சொல்வேன். நெற்றிக் கற்றையைச் சரிவாக விடு என்று சொல்ல அந்தச் சிங்களம் போதாது. கைபேசியில் இருந்த கட்டைத் தலைமயிர் மாதிரிப் படத்தைக் காட்டினேன். அவள் படத்தைப் பார்த்தாள், என் மெல்லிய தலைமயிரை விரலால் அளைந்தாள், பிறகு குரலைத் தாழ்த்தி டொக்டர் வெட்டச் சொன்னாரா என்று கேட்டாள். இல்லை, மகள் சொன்னாள் என்றேன். அவள் என் தோளைத் தொட்டாள்.

"ஒக்கொம ஹரி யய், ஆன்ட்டி," என்றாள். எல்லாம் சரியாகிவிடும் என்றாள். தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னாள். அதன் பிறகு அவ்வளவு மெதுவாக, அவ்வளவு அன்பாக எனக்கு ஒருவரும் தலைமயிர் வெட்டியதில்லை. முடிந்ததும், வெட்டிய மயிரைக் கூட்டித் தள்ளாமல் ஒரு பைக்குள் போட்டு, இரண்டு கையாலும் என்னிடம் தந்தாள். இந்த இடத்தில் நல்ல சேவை என்று நான் நினைத்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, வடிவாகத்தான் வந்திருந்தது. உச்சியில் உயர்ந்து, காதருகில் ஒட்டி, நெற்றியில் சரிந்து, கைபேசியில் வாசித்தபடி எல்லாம் இருந்தது. முகம் சுருங்கிவிடவில்லை, ஆனால் முகத்துக்கு ஒரு யோசனை வந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கணவர் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு என்னை நெடுநேரம் பார்த்தார்.

"உமக்குக் கழுத்து இருக்கு," என்றார்.

கலியாணம் முடித்து இத்தனை வருடத்துக்குப் பிறகு அது அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. புதிய படம் எடுத்தோம். கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினோம். படம் கிடைத்தது என்று ஒரு சொல் வந்தது. அதற்குப் பிறகு அங்கிருந்து ஒன்றும் வரவில்லை.

எங்களுக்கு மேல் மாடியில் இருக்கும் அக்காவை நான் அடுத்த நாள் லிஃப்டில் சந்தித்தேன். எங்கள் கட்டடத்தில் எந்த வீட்டில் என்ன கறி என்பது முதல் யாருக்கு விசா வந்தது என்பது வரை அவருக்குத் தெரியும், அவர் மூலம் மற்றவர்களுக்கும் தெரியும். லிஃப்டுக்குள் ஏறினால் வாய் மூடாதவர். அன்று என்னைப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் ஏழாம் மாடி வரைக்கும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டு நான் நிமிர்ந்து நின்றேன்.

அன்று பின்னேரமே மணி அடித்தது. அந்த அக்கா ஒரு சட்டியில் முருங்கையிலை சூப்புடன் நின்றார். மறுநாள் பக்கத்து வீட்டிலிருந்து மாதுளம்பழம் வந்தது. கீழே இருக்கும் முஸ்லிம் நானாவின் கடைக்கு முட்டை வாங்கப் போனால், அவர் முட்டையோடு ஒரு செவ்விளநீரையும் தூக்கித் தந்து, "குடிங்க, நாங்க துஆ செய்றம்," என்றார். முன்பின் தெரியாத ஒருவர், முள் அன்னமுன்னா மரத்து இலை ஒரு கட்டு, அவித்துக் குடிக்கச் சொல்லி வாசலில் தொங்கவிட்டுப் போயிருந்தார். சம்பந்தம் பேசுவது தெரிந்து சனம் சந்தோஷப்படுகிறது என்றே நான் நினைத்தேன். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய இடம் வேறு. டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் எல்லோரும் அந்த வாரம் நான் கொடுத்த வீட்டு வேலைக் கணக்குகளைச் செய்துகொண்டு வந்தார்கள். ஒருவர் தவறாமல், எல்லோரும். என் அனுபவத்தில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை.

உண்மை எனக்கு என் கணவர் மூலம் வந்து சேர்ந்தது. பின்னேரங்களில் அவர் மரைன் டிரைவில் நடப்பார். அன்று பாதியில் திரும்பி வந்து, கதிரை போட்டு ஏறி, அலுமாரியின் மேல்தட்டைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"என்ன தேடுறியள்?"

"ரிப்போட்."

"என்ன ரிப்போட்?"

அவர் இறங்கிக் கட்டிலில் இருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது. "நீர் எனக்குச் சொல்லியிருக்கலாம். நடக்க வாற ஆக்கள் எல்லாரும் வந்து என்ட கையைப் பிடிச்சு ஆறுதல் சொல்லுறாங்கள். எல்லாருக்கும் தெரியுது. எனக்கு மட்டும் தெரியாது."

"என்ன தெரியாது?"

"உமக்குக் கான்சர் எண்டு," என்று சொல்லிவிட்டு அவர் அழுதார்.

பிறகு மெல்ல மெல்ல எல்லாம் விளங்கியது. சலூன் பிள்ளையின் தேத்தண்ணி, சூப், செவ்விளநீர், வீட்டு வேலை, எல்லாம். ஐம்பது தாண்டிய ஒரு யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பெண் வெள்ளவத்தையில் தலைமயிரைக் கட்டையாக வைத்திருந்தால் அதற்கு ஒரு காரணம்தான் இருக்க முடியும் என்று சனம் முடிவு செய்திருக்கிறது. வடிவுக்காக வெட்டியிருக்கலாம் என்று கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கட்டிய கணவனுக்கே தோன்றவில்லை.

"உங்களுக்கு விசரே? மகள்தானே கொண்டை வடிவில்லை எண்டு சொன்னவள்? நீங்களும் இருந்தனீங்கள்தானே?"

"அது எனக்குத் தெரியக்கூடாது எண்டு சொன்ன கதையாம்," என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அவர் எனக்காக அழுது நான் பார்த்ததில்லை. சிரிப்பு வந்தது, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அவரை நம்பவைக்க நான் முழு இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டி வந்தது. கொலஸ்ட்ரோல் கொஞ்சம் அதிகம், வேறு ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து எனக்கு முட்டை மஞ்சள் கரு கிடையாது.

அவர் அழுது முடித்ததும் நான் நேரே மேல் மாடிக்குப் போனேன். "அக்கா, எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை," என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓம் பிள்ளை. அப்பிடித்தான் சொல்லவேணும். ஆர் கேட்டாலும் அப்பிடியே சொல்லுங்கோ."

"சத்தியமா இல்லை அக்கா. வடிவுக்கு வெட்டினனான்."

"வடிவுக்கு," என்று தலையாட்டியபோது அவர் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு தைரியம் உங்களுக்கு."

இதில் அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. எங்கள் சனத்தில் பெண்பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும் வீட்டில் ஒருவருக்கும் வருத்தம் வருவதில்லை. சீனி, பிரஷர், ஈழை இழுப்பு, எல்லாவற்றையும் தாலி ஏறும் வரைக்கும் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவோம். பரம்பரையில் இருக்கிறது என்று மற்ற வீட்டார் நினைத்துவிட்டால் பிள்ளையின் வாழ்க்கை போய்விடும். ஆகவே அந்த நேரத்தில் ஒரு தாய் தனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னால், ஏதோ பெரிதாக இருக்கிறது என்றே அர்த்தம். நான் மறுக்க மறுக்க எனக்கு வருத்தம் முற்றிக்கொண்டு போனது.

"நீங்கள் பயப்பிடாதேங்கோ," என்றார் அந்த அக்கா. "அண்டைக்கு வந்தவவிட்டயும் நான் ஒண்டும் சொல்லேல்லை."

"ஆர் வந்தது?"

"வாடகைக்கு வீடு இருக்கோ எண்டு ஒருத்தி வந்தவ. பட்டுச் சீலை கட்டிக்கொண்டு, கழுத்தில அட்டியலோட."

பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வெள்ளவத்தையில் ஒருவரும் வாடகை வீடு தேடுவதில்லை. சம்பந்தம் விசாரிக்க வருகிறவர்கள்தான் அப்படி வருவார்கள். வீடு எப்படி, தண்ணீர் வருமா என்று தொடங்கி, கீழ் வீட்டில் என்ன மாதிரி ஆட்கள் என்று கேட்டு முடிப்பார்கள். கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும், இரண்டு பேரும் வீட்டைப் பற்றியே கதைப்பார்கள்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"நல்ல குடும்பம் எண்டுதான் சொன்னனான். தாய் தங்கமான மனிசி, இந்த நிலைமையிலயும் சிரிச்ச முகத்தோட திரியிறா எண்டனான். வேற ஒரு சொல்லும் சொல்லேல்லை," என்றார் பெருமையாக.

கொட்டாஞ்சேனையின் மௌனத்துக்குக் காரணம் அப்போதுதான் தெரிந்தது. மகளிடம் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. பெடியன் என்ன ஆனாலும் அவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். ஆனால் அவன் சிறுவயதிலேயே தகப்பனை இழந்தவன். தாய்தான் ஆளாக்கிவிட்டார். "அந்த மனிசியின்ட மனம் நொந்து எனக்கு ஒரு கலியாணமும் வேண்டாம் அம்மா," என்றாள் மகள். பிறகு, "உங்களை வெட்டச் சொன்னது நான்தானே," என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் குளியலறைக்குப் போய், கண்ணாடியில் இருந்த ஈரப்பலாக்காயை நகத்தால் சுரண்டினேன். கொஞ்சம்கூட அசையவில்லை. ஒரு கொண்டையோடு கிடந்து தொலைந்திருக்கலாமே என்று என் மேலேயே எரிச்சலாக வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் பெடியனின் தாயிடமிருந்து அழைப்பு வந்தது. தான் வருவதாகவும், தனியாக வருவதாகவும், என்னோடு மட்டும் கதைக்க வேண்டும் என்றும் சொன்னார். வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறார், தொலைபேசியில் சொல்வது மரியாதை இல்லை என்று நேரில் வருகிறார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. மகள் வேலைக்குப் போயிருந்தாள். கணவரை ரோல்ஸும் கட்லெட்டும் வாங்கிவர அனுப்பினேன். ஆறுதலாக, அவசரப்படாமல் வாங்கோ என்றேன்.

அவர் ஒல்லியாக, உயரமாக, நீண்ட முகத்தோடு வந்தார். நல்ல வெயில். பின்கழுத்தில் கறுகறுவென்று ஒரு பெரிய கொண்டை. இந்த வயதில் இவ்வளவு மயிரா என்று அந்தக் கவலையிலும் எனக்கு எரிந்தது. கையில் ஒரு பெட்டி வைத்திருந்தார். அதை என் மடியில் வைத்தார்.

"திறந்து பாருங்கோ," என்றார்.

திறந்தேன். உள்ளே ஒரு தலை நிறைய மயிர் இருந்தது. பயத்தில் நான் பெட்டியைத் தட்டிவிடப் பார்த்தேன்.

"விக்," என்றார் அவர் மெதுவாக. "நல்லது. வேர்க்காது. சீலைக்கு ஏத்த மாதிரி கொண்டையும் போடலாம். ஒருத்தருக்கும் தெரியாது." பிறகு ஒரு கையால் தன் கொண்டையைப் பிடித்தார், மறு கையால் நெற்றியில் எதையோ விடுவித்தார். முழுத் தலைமயிரும் கையோடு வந்தது. அதன் கீழே, வெள்ளையும் கறுப்புமாக, விரல் நீளத்துக்கு வளர்ந்த மயிர் அமுங்கிக் கிடந்தது. "இது என்ட."

அவர் கதைத்துக்கொண்டே போனார். பெடியன் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் தனக்கு அந்த வருத்தம் வந்தது என்றார். அந்த வருத்தம் என்றுதான் சொன்னார், பெயரைச் சொல்லவில்லை. மருந்து முடிந்து, சுகமாகி, மயிரும் திரும்ப விரல் நீளத்துக்கு முளைத்து, அதற்கு மேல் வளராமல் நின்றுவிட்டது. கட்டையாகத் தெரிந்தால் சனம் கேட்கும், கேட்டால் மகனுக்கு ஒருவரும் பெண் தரமாட்டார்கள். அதனால் விக்கைக் கழற்றவே இல்லை. "ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு மகனிட்டச் சத்தியம் வாங்கி வச்சிருந்தனான். உங்கட மகளுக்கும் சொல்லக்கூடாது எண்டனான். இவ்வளவு நாளும் எனக்கு அதுதான் பயம். பிறகு உங்கட படம் வந்தது. விசாரிச்சு வந்தவவும் சொன்னா. எனக்கு என்ன செய்யிறது எண்டு தெரியேல்லை. கொஞ்ச நாள் யோசிச்சுக்கொண்டே இருந்தனான். கடைசியில நினைச்சன், இனி மறைக்கத் தேவையில்லாத ஒரு வீடு கிடைச்சிருக்கு எண்டு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவு நிம்மதியான சிரிப்பு. அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் சம்பந்தம் முடிந்துவிடும். எனக்கு வருத்தம் இருந்தால் போதும். ஆனால் அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"அக்கா, எனக்கு ஒண்டும் இல்லை," என்றேன்.

"நானும் அப்பிடித்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான்," என்று என் கையைத் தடவினார்.

"ஐயோ, உண்மையா இல்லை. கொலஸ்ட்ரோல் மட்டுந்தான்."

அவர் நம்பவில்லை. இரத்தப் பரிசோதனையைக் காட்டினேன். அது வேறு பரிசோதனை என்று எனக்கே விளக்கம் சொன்னார். வேறு வழி இல்லாமல் அவரைக் கையில் பிடித்து எழுப்பிக் குளியலறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடியைக் காட்டினேன். அங்கே என் முகம் சிவப்புக் கோட்டில் அப்படியே இருந்தது.

"இது என்ன?"

"என்ட முகம். வட்டமோ நீள்வட்டமோ எண்டு பாக்க மகள் கீறினவள். வட்டம். அதுக்காகத்தான் மேல உயர்த்தி, பக்கத்தில ஒட்ட வெட்டினது. நீள்வட்டம் மாதிரித் தெரியவேணும் எண்டு."

அவர் கோட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி கோட்டைப் பார்த்தார். என் தலையை மெல்லத் தொட்டு, உச்சியை, காதோரத்தை, நெற்றிக் கற்றையைச் சரிபார்த்தார்.

"வடிவுக்கோ வெட்டினனீங்கள்?"

"ஓம். வடிவுக்கு."

சிரிக்கத் தொடங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் குந்தியிருந்து சிரித்தார். "நான் இல்லாத மயிரை விலைகுடுத்து வாங்கித் தலையில வச்சுக்கொண்டு திரியிறன். நீங்கள் இருந்ததை வெட்டி எறிஞ்சிருக்கிறீங்கள்." நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது அவர் சிரிப்பை நிறுத்தியிருந்தார். கையில் இருந்த விக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உங்கட வீட்டில ஒரு வருத்தமும் இல்லை," என்றார். "எங்கட வீட்டிலதான். இனி நீங்கள் வேண்டாம் எண்டு சொன்னாலும் எனக்குக் கோவம் இல்லை. உங்களுக்கு ஒரே பிள்ளை."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவர் மேல் அல்ல. வருத்தம் வந்து மாறின ஒரு மனுசி, மகனுக்குப் பெண் வேண்டும் என்று வேர்வையும் கடியுமாக இந்தக் கொழும்பு வெயிலில் வேறு யாரோ ஒருத்தியின் மயிரைத் தலையில் சுமந்து திரிய வேண்டியிருக்கிறது என்பதில் கோபம். தையல் டேப் குளியலறைத் தட்டிலேயே கிடந்தது. எடுத்து அவருடைய நெற்றியில் வைத்தேன்.

"அசையாதேங்கோ," என்றேன். நெற்றி, கன்னம், தாடை, நீளம். "உங்கட முகம் நீளம். உங்களுக்கு என்னை மாதிரி உச்சியில உயர்த்தக் கூடாது, இன்னும் நீட்டிக் காட்டும். நெத்தியில நல்லா விழவேணும். பக்கத்தில கொஞ்சம் நிறைய விடவேணும். கலியாணத்துக்கு முதல் அந்தச் சலூனுக்குப் போவம். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, தேத்தண்ணியும் தருவாள்."

அவர் வாளியில் இருந்தபடியே அண்ணாந்து என்னைப் பார்த்தார். டேப் இன்னும் அவர் நாடியில் இருந்தது. "கலியாணத்துக்கு முதலோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் அழுதார். நானும் அழுதேன். ரோல்ஸோடு வந்து குளியலறை வாசலில் நின்ற என் கணவர், அழுகிற இரண்டு பெண்களையும் தலையற்ற ஒரு கொண்டையையும் பார்த்துவிட்டு, ரோல்ஸைத் தட்டில் அடுக்கக் குசினிக்குப் போய்விட்டார்.

கலியாண மண்டபத்தில் நானும் சம்பந்தியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஆட்களை வரவேற்றோம். அவருக்கு நெற்றியில் விழுந்து காதருகில் அலையாக நின்றது. முகம் நீளம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். இரண்டு பேரும் பூ வைக்க இடமில்லாமல், பூச்சரத்தைக் கையில் சுற்றியிருந்தோம். மேல் மாடி அக்கா வந்தார். என் தலையைப் பார்த்தார், சம்பந்தியின் தலையைப் பார்த்தார். அவருடைய கண் நிறைந்துவிட்டது. எங்கள் இரண்டு பேரின் கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"கடவுளே," என்றார். "ரெண்டு பேருக்குமோ?"

அந்த நேரம் பார்த்து மேளம் நின்றிருந்தது. முன்வரிசையில் இருந்த பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். சம்பந்தி என் கையை அமத்தினார்.

"இல்லை அக்கா," என்றார், எல்லோருக்கும் கேட்கிற குரலில். "எனக்குத்தான் கான்சர் வந்தது. மருந்து செய்தனான், மாறிட்டுது." அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு என்னைக் காட்டினார்.

"இவவுக்கு ஒண்டும் இல்லை. வட்ட முகம் மட்டுந்தான்."